கருவிழியில் கை வைக்கும் முன்

இன்று 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பதினேழாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அறுபத்தெட்டு வயதும் நான்கு மாதங்களும் ஒன்பது நாட்களும் ஆகின்றன. வயதை இத்தனை துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதைப் படித்துவிட்டு, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பயத்தில் ஏதோ உளறுகிறார் என்று நீ சொல்லக்கூடும். வயதாகிவிட்டது உண்மை. பயமும் உண்மை. உளறலுக்கு மட்டும் நான் பொறுப்பேற்க மாட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை கொழும்பில் உன் இரண்டு கண்களுக்கும் லேசர் சிகிச்சை செய்துகொள்ள நாள் குறித்திருக்கிறாய். நாளைக் காலை நான் கேகாலைக்கு இறங்கி இந்தக் கடிதத்தைக் கூரியரில் சேர்ப்பேன். புதன்கிழமைக்குள் எம்பிலிப்பிட்டியவில் உன் கைக்கு வந்துவிடும். பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து அனுப்பலாமே என்று நீ கேட்பாய். அந்த வித்தையை எனக்குச் செய்து தருபவர் உன் அப்பா. அவர் பார்வையில் படக்கூடாத கடிதம் இது. கடைசி வரி வரை படிக்காமல் கொழும்பு பஸ்ஸில் ஏறாதே. இது வேண்டுகோள் அல்ல.

வியாழக்கிழமை மாலை நீ பேசியதை மறந்திருக்க மாட்டாய். ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிந்து வெளியே வந்த உற்சாகத்தில், வீதியில் நின்றே பேசினாய். பின்னால் முச்சக்கரவண்டிகளின் இரைச்சல். "கேட்டதெல்லாம் சும்மா கேள்விங்கம்மா. சீனி வருத்தம் இருக்கா, மூட்டு வருத்தம் இருக்கா, குடும்பத்துல யாருக்காச்சும் கருவிழி நோய் இருந்திருக்கா... எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு டேட் குடுத்துட்டாங்க" என்றாய். "அம்மா? லைன் போயிருச்சா?" என்றாய். "லைன் இருக்கு" என்றேன். "பின்ன ஏன் பேசாம இருக்கீங்க? பயமா?" "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருக்கவில்லை. அடுப்பே மூட்டியிருக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்துகொண்டேன், எழுந்து விளக்கைப் போடுவதற்கு எனக்கு வெகுநேரம் பிடித்தது.

உன் தேவை எனக்குப் புரியாமல் இல்லை. வளைகுடாவில் எண்ணெய் ஏற்றும் துறைமுகம் ஒன்றின் தீயணைப்புப் பிரிவில் உனக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. புகைக்குள் முகமூடி அணிய வேண்டும், முகமூடிக்குள் மூக்குக்கண்ணாடி பொருந்தாது, ஆகவே கண்ணாடி இல்லாமலே சுவரிலுள்ள எழுத்துகளைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவர்களின் விதி. நியாயமான விதிதான். உனக்கு முப்பத்தொரு வயது. தையல் ஆலையொன்றில் தீயணைப்புக் கருவிகளுக்குத் தூசு தட்டிக்கொண்டும், கதவோரம் பெட்டி அடுக்காதே என்று எல்லோரிடமும் கத்திக்கொண்டும் எட்டு வருடங்களைக் கழித்துவிட்டாய். இந்த வருட முடிவுக்குள் கண் சரியாகாவிட்டால் உனக்கு அடுத்து நிற்பவனுக்கு வேலை போய்விடும். 'கண்ணாடி அழகாகத்தானே இருக்கிறது' என்று பேசும் தாய் நான் அல்ல. அழகுக்காக நீ கேட்டிருந்தால் இந்தக் கடிதத்தை இரண்டே வரியில் முடித்திருப்பேன்.

உன் அப்பாவோ ஏற்கெனவே தோட்டம் முழுவதும் அறிவித்துவிட்டார். ரப்பர் பெக்டரியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற மனிதருக்கு உலகத்தில் உள்ள எல்லாமே ரப்பர்தான். நேற்றுச் சந்திக் கடையில் நான் தேயிலைத்தூள் வாங்கிக்கொண்டு நிற்க, அவர் பெஞ்சில் அமர்ந்து விளக்கவுரை நிகழ்த்தினார். "லேசர்னா பெரிய கம்பசூத்திரமா என்ன? நாம பால் வெட்டுற மாதிரிதாம்ப்பா. மேலால மெல்லிசா ஒரு சீவு. பவர் கழண்டு போயிரும்." கடைக்காரர் கந்தையா கேட்டார்: "அப்ப கண்ணு வலிக்காதாண்ணே?" "மரத்துக்கு என்னிக்குடா வலிச்சிருக்கு? சொட்டு மருந்து விட்டுருவாங்க." "அப்ப கண்ணுலயும் ஒரு செரட்டையக் கட்டி வுடுங்கண்ணே, வடியிறதப் புடிக்க!" கடையே சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார். நான் தேயிலைத்தூளை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். "டீச்சரம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு" என்று பின்னால் அவர் சொல்வது கேட்டது. கோபம் வரவில்லை. சீக்கிரம் வீடு போய்ச் சேர நினைத்தேன்.

சிரிப்பை விட்டுப் பார்த்தால் அவர் உவமை பொருத்தமானதே. அதுவே என்னை அச்சுறுத்துகிறது. ரப்பர் மரத்தின் பட்டையை ஓரளவு ஆழத்துக்குத்தான் சீவலாம். உள்ளே ஒரு மெல்லிய படையை விட்டுவைக்க வேண்டும். கத்தி அதையும் கடந்து கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழுந்து, அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும். சரியாகச் சீவிய பட்டையாவது சில வருடங்களில் திரும்ப வளரும். கருவிழி வளராது. கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடி போல மூடியிருக்கும் தெளிவான ஓடுதான் நான் சொல்லும் கருவிழி. விலங்கியல் படித்த காலத்தில் மாட்டுக் கண் ஒன்றை அறுத்துப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் மயங்கி மேசையடியில் விழ, அவளைத் தூக்குவதா கண்ணைப் பிடிப்பதா என்று தெரியாமல் நான் கண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஓடு கத்திக்கு எத்தனை முரண்டு பிடித்தது என்பது இன்னும் என் விரலில் இருக்கிறது. உள்ளே நிறைந்திருக்கும் திரவத்தின் அழுத்தத்தைத் தாங்கி, கண்ணை உருண்டையாக வைத்திருப்பது அதன் வேலை. லேசர் சிகிச்சையில் அதன் மேற்பகுதியை மூடி போலத் திறந்து, அடியில் உள்ளதை ஒளியால் செதுக்கி, மூடியை மறுபடி படிய வைக்கிறார்கள். ஓடு தடிப்பாகவும் சீரான வடிவிலும் இருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் செய்துகொண்டு சுகமாக இருக்கிறார்கள். ஓடு மெல்லியதாகவோ, பிறவியிலேயே தளர்வுள்ளதாகவோ இருந்தால், செதுக்கியபின் எஞ்சியது அழுத்தத்தைத் தாங்காமல் மெல்ல மெல்ல முன்னால் பிதுங்கும். அதன்பிறகு எந்த மூக்குக்கண்ணாடியும் உதவாது. நீ கழற்ற நினைக்கும் கண்ணாடியை, திரும்ப மாட்ட முடியாதா என்று ஏங்கும் நிலை அது.

என் பயம் வியாழக்கிழமை தொடங்கியது அல்ல. உனக்குப் பதினொரு வயதில் கேகாலை பஸ் நிலையத்தில் தொடங்கியது. அன்று எனக்குக் கல்வி அலுவலகத்தில் வேலை இருந்தது. முடிந்து திரும்புகையில் கூட்டத்தில் உன் கை நழுவியது. என்னைப் போலவே கடுகு நிறச் சேலை கட்டியிருந்த ஒரு சிங்களப் பெண்ணின் பின்னால் நீ நடந்து போய், அவளோடு இரத்தினபுரி பஸ்ஸில் ஏறி, அவளது குடையையும் உரிமையோடு பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். "மே காகெத புதா?" என்று அவள் படியில் நின்று கூவினாள். யாருடைய பிள்ளை இது என்று கேட்கிறாள்; நான் ஓடிப்போனதும் பஸ் நிலையம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. உன்னை இறக்கிக் கொண்டுவந்து, தெரியாத பொம்பளைக்குப் பின்னால் ஏன் போனாய் என்று அதட்டினேன். "சீலை ஒரே மாதிரி இருந்துச்சும்மா" என்றாய். "முகத்தைப் பாக்கலையாடா?" "முகம் கிட்ட வந்தாத்தானேம்மா தெரியும்" என்று, ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாய். நான் உன்னை அடிக்க ஓங்கிய கையை இறக்கிக்கொண்டேன். அன்றே கண் பரிசோதிக்கக் கூட்டிப்போனேன். பரிசோதித்தவர், கிட்டப்பார்வையோடு கருவிழியின் வளைவும் ஒருபக்கம் சரிந்திருக்கிறது, அதற்கும் சேர்த்துக் கண்ணாடி தரவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். இந்தச் சரிவு கூடுமா என்று கேட்டேன். வளரும் பிள்ளை, கொஞ்சம் கூடத்தான் செய்யும் என்றார். எங்கே போய் நிற்கும் என்று கேட்டேன். அவர் சிரித்து, நீங்கள் டீச்சர்தானே, எல்லாவற்றுக்கும் விடை கேட்கிறீர்கள் என்றார். வரும் வழியெல்லாம் நீ புதுக் கண்ணாடிக்குக் கறுப்புச் சட்டமா நீலச் சட்டமா என்று பேசிக்கொண்டு வந்தாய்.

அதன்பிறகு உன் கண்களை நான் காவல் காத்தேன். கண்ணைக் கசக்கினால் உன் புறங்கையில் அடி விழும். அது ஒழுக்கப் பயிற்சி என்று நீ நினைத்திருப்பாய். நாம் அப்போது இருந்த குவார்ட்டர்ஸுக்கு நேர் கீழே ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடு. காற்றுத் திரும்பினால் புகை வீட்டுக்குள் வரும். உனக்குக் கண் அரிக்கும். விரல் முட்டியை வைத்து உலக்கை இடிப்பதுபோலத் தேய்ப்பாய். தளர்ந்த கருவிழியை அந்தத் தேய்ப்பு இன்னும் தளர்த்தும். வீடு மாற்றித் தரச் சொல்லித் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேளுங்கள் என்று உன் அப்பாவை நச்சரித்தேன். "புகைக்குப் பயந்தவ ரப்பர் தோட்டத்துக்காரனக் கட்டியிருக்கக்கூடாது" என்றார். சன்னல்களுக்கு ஈரத்துணி கட்டினேன். போன தீபாவளிக்கு நீ வந்தபோதும் கவனித்தேன்: சாப்பிட்டுக்கொண்டே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதே முட்டியால் அதே தேய்ப்பு. அது மட்டுமல்ல, கண்ணாடியும் புதிது. "பழசு உடைஞ்சிருச்சா?" என்று கேட்டேன். "இல்லம்மா, பவர் கொஞ்சம் மாறியிருக்கு" என்றாய். முப்பது கடந்த மனிதனின் பவர் மாறக்கூடாது, மகனே. அன்று இரண்டாம் முறை சோறு போடவில்லை என்று நீ குறைப்பட்டாய். சட்டி என் கையில்தான் இருந்தது. நீ கேட்டதே என் காதில் விழவில்லை.

பயத்தை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு வழக்கமில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை, லேசர் செய்துகொண்ட இருவரிடம் விசாரித்தேன். முதலாமவள் நிரஞ்சலா. நம் தோட்டத்துப் பழைய பெரிய கிளாக்கரின் மகள், இப்போது ஓப்பநாயக்கவில் படிப்பிக்கிறாள். போனில் மகிழ்ச்சி தெறித்தது. "காலைல கண்ணத் தொறந்தா கூரைல இருக்கிற பல்லிக்குக் கூட மூக்கு தெரியுது டீச்சர்! முன்ன கண்ணாடியத் தேடுறதுக்கே இன்னொரு கண்ணாடி வேணும்" என்றாள். கிண்டிக் கேட்டதில் ஒரு செய்தி கிடைத்தது. அவள் முதலில் போனபோது பவர் நிலையாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, மாறவில்லை என்று உறுதியான பிறகுதான் செய்திருக்கிறார்கள். அவளது மகிழ்ச்சி காத்திருந்ததன் பலன். நீ இப்படிப்பட்டவர்களின் மகிழ்ச்சியை மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறாய்.

இரண்டாமவர் வேன் ஓட்டும் சுனில். நம் கேட்டுக்கு முன்னால் வேனை நிறுத்திவிட்டு, பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாகச் சொன்னார்: "பகல்ல நல்லா பேனவா டீச்சர், ஒரு கொறையும் இல்ல. நைட்டுக்குத் தமாய் கரச்சல. எதிர்ல வார லைட் எல்லாம் மல் வகே." பகலில் நன்றாகத் தெரிகிறதாம், இரவில்தான் தொல்லை; எதிரே வரும் ஒவ்வொரு விளக்கும் பூப்போல விரிந்து வீதியை மறைக்கிறதாம். இரவு ஓட்டங்களை மச்சானிடம் கொடுத்துவிட்டார். கண் வறண்டுபோவதால் சட்டைப் பையில் சீப்பு இருந்த இடத்தில் இப்போது சொட்டு மருந்து. ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னாங்க டீச்சர். எல்லாம் சொன்னாங்க. நான் தமாய் ஓவ் ஓவ் கிவ்வா" என்று தலையைச் சொறிந்தார். கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்றவர் அவர்; கேட்டதற்கெல்லாம் இல்லை இல்லை என்றவன் நீ. இருட்டில், புகையில், தூரத்து விளக்கை அடையாளம் வைத்து ஓட வேண்டிய வேலைக்கு நீ போகிறாய். விளக்கெல்லாம் பூவாகிவிட்டால் நீ எந்தப் பூவை நோக்கி ஓடுவாய் என்பதை எண்ணியபடி நான் பாத்திரம் கழுவினேன். கழுவியதையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தேன் என்பதை உன் அப்பா சொல்லித்தான் அறிந்தேன்.

ஆகவே நீ போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேச வேண்டும். குறித்த நாளைத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு, டொக்டரை நேரில் காண நேரம் கேள். சிகிச்சையின் மொத்த விலை சொல்லும் வரவேற்புப் பெண்ணிடம் அல்ல. முதலில், கண்ணாடிக்குப் பதிலாக நீ கண்ணில் ஒட்டி அணியும் வில்லை, அந்தக் கொன்டாக்ட் லென்ஸ் விஷயத்தைச் சொல். உன் நண்பனின் கலியாணப் படங்களில் உன் முகத்தில் கண்ணாடி இல்லை. வில்லையைக் கழற்றி எத்தனை நாளில் பரிசோதனைக்குப் போனாய்? வில்லை கருவிழியை அழுத்தி அதன் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றிவைக்கும். ஆகையால் அவர்கள் சொல்லும் காலம்வரை அதை விட்டுவிட்டு, பிறகு எடுக்கும் கருவிழி வரைபடம்தான் நம்பத்தக்கது. உன் பழைய கண்ணாடிச் சீட்டுகளை எல்லாம் கொண்டுபோய், பவர் எப்போதெல்லாம் மாறியது என்று காட்டு. கருவிழியின் தடிப்பு எவ்வளவு, செதுக்கியபின் எவ்வளவு எஞ்சும், அதன் பின்புற வளைவும் ஒழுங்காக இருக்கிறதா என்று கேள். உன் வேலை என்னவென்றும் சொல். முகத்தில் அடிபடக்கூடிய வேலைக்காரர்களுக்கு மூடி திறக்காமல் மேற்பரப்பிலேயே செய்யும் இன்னொரு முறை உண்டு. ஆறுவதற்கு நாளும் வலியும் கூட. கருவிழியைச் செதுக்காமல் கண்ணுக்குள்ளே வில்லை வைக்கும் முறையும் உண்டு. எது உனக்குப் பொருந்தும், எதுவுமே பொருந்தாதா என்று முடிவு சொல்ல வேண்டியவர் அவர். இவற்றோடு, வேலை தருபவர்களுக்கும் எழுதிக் கேள்: முகமூடிக்குள் பொருத்தும் கண்ணாடிச் சட்டத்தை ஏற்பார்களா, கட்டுப்பாட்டு அறையில் இடம் உண்டா என்று. கேட்க வெட்கமாக இருந்தால் நான் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன்.

நேற்று மாலை நீ அப்பாவோடு பேசியபோது, அவர் போனை என்னிடம் நீட்டினார். "அம்மா, ஏன் சும்மா கலவரப்படுறீங்க? டொக்டருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப்போவுது?" என்றாய். "டொக்டருக்கு உன் கண்ணு தெரியும். உன் குடும்பம் தெரியாது" என்றேன். "நம்ம குடும்பத்துல யாருக்கும்மா கண்ணு கெட்டுருக்கு? அப்பா இன்னும் கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கிறார். நீங்க அறுபத்தெட்டு வயசுல ஊசி கோக்குறீங்க" என்று சிரித்தாய். பக்கத்தில் உன் அப்பா தலையாட்டிக்கொண்டு நின்றார். நான் பதில் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை ஒரு இருமலால் அடக்கியவள் நான்; அந்தக் கேள்விக்கு முன்னால் போனை உன் அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு இரண்டு பயங்கள். நீ வெள்ளிக்கிழமை போய்ப் படுத்து, கண் கெட்டு, என் வயதுவரை அதோடு வாழ்வாய் என்பது ஒன்று. நான் சொல்வதைக் கேட்டு நீ நிறுத்தி, வேலை இன்னொருவனுக்குப் போய், பிறகு உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று தெரியவந்து, ஆயுள் முழுவதும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் துறைமுகத்தை நினைப்பாய் என்பது மற்றது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவதை என்னால் தாங்க முடியும். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், திருப்பிய முகத்தில் கண்கள் இருக்கும்.

இனி, நீ 'இல்லை' என்று பதில் சொன்ன அந்தக் கேள்விக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு அது இரண்டாம் ஆண்டு. எங்கள் ஆய்வுகூடத்தில் ஒற்றைக் குழாய் நுணுக்குக்காட்டிகள் இருந்தன. இடக்கண்ணைக் குழாயில் வைத்து, வலக்கண்ணால் தாளைப் பார்த்து, கண்டதைக் கண்டபடி வரைய வேண்டும். ஒரு நாள் குழாய்க்குள் ஒவ்வொரு உயிர்க்கலமும் இரண்டாகவும், அவற்றுக்குப் பின்னால் கலங்கிய வால் போல ஒரு நிழலோடும் தெரிந்தது. கருவி பழுது என்று செய்முறை ஆசிரியரிடம் முறையிட்டேன். யாழ்ப்பாணத்தவர், குனிந்து பார்த்துவிட்டு, "கருவியில ஒரு பழுதுமில்லைப் பிள்ளை. நீர் கண்ணை ஒருக்காக் காட்டும்" என்றார். தனியாகப் போய்க் காட்டினேன். கண் டொக்டர் என்னைக் கீழே பார்க்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று வெகுநேரம் கவனித்தார். இடது கருவிழி மெலிந்து கூம்புபோல முன்னால் பிதுங்குகிறது, கண்ணாடி இதற்கு உதவாது, வலது கண் தப்பும் என்று நம்புவோம் என்றார். சில குடும்பங்களில் இது தொடர்ந்து வரும். பிள்ளை பிறந்தால் நினைவில் வைத்திரு என்றும் சொன்னார். நோயின் பெயர் கெரட்டோகோனஸ். வியாழக்கிழமை உன்னிடம் அவர்கள் கேட்டது இதைத்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் நான். விடுமுறைக்கு வந்தால் தோட்டத்துப் பெண்கள் என் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். "ராவும் பகலும் படிச்சா கண்ணு அவிஞ்சு போயிரும்டி" என்று என் அத்தை நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது பலித்துவிட்டது என்று ஒரு வாய் சொன்னால் போதும். எனக்குப் பின்னால் படித்துக்கொண்டிருந்த அத்தனை பெண் பிள்ளைகளின் புத்தகங்களையும் பறித்துவிட்டு, கையில் பால் வாளியைக் கொடுத்திருப்பார்கள். அவளது மகள்கள் இரண்டு பேர் அந்த வரிசையில் இருந்தார்கள். படிப்புக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்று, காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் பதியும் பெரட்டுக் களத்தில் நின்று விளங்கப்படுத்த என்னால் முடியாது, மறைக்க முடியும். ஆசிரியர் நியமனத்துக்கான மருத்துவப் பரிசோதனையில் இடது கையால் இடது கண்ணை மூடினேன். மற்றக் கண்ணை மூடச் சொன்னபோது வலது கையால் அதே இடது கண்ணை மூடினேன். தாதி கை மாறியதைப் பார்த்தாள், கண் மாறாததைப் பார்க்கவில்லை. பிறகு கலியாணம் வந்தது, பிறகு நீ வந்தாய், மறைப்பது பழகிப்போனது. ஒரு கண் கொண்டு ஊசி கோக்கலாம், மகனே. அது ஒன்றும் பெரிய வித்தையில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. தகவல் சொல்ல எழுதுகிறேன். எனக்கு இருப்பதால் உனக்கும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றில்லை. உன் கருவிழி உருக்குப்போல இருக்கலாம். வரைபடத்தை முழுக்கதையும் தெரிந்து பார்த்துவிட்டு டொக்டர் செய்யலாம் என்றால் செய்துகொள், நான் வாய் திறக்க மாட்டேன். உனக்கும் தொடங்கியிருந்தால், எங்கள் காலத்தில் இல்லாத ஒரு சிகிச்சை இப்போது உண்டு. மருந்துச் சொட்டும் ஒளியும் கொண்டு கருவிழியை இறுக்கி, மேலும் பிதுங்காமல் தடுக்கப் பார்ப்பார்களாம். எத்தனை சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்களோ அத்தனை நல்லதாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் சொல், நானும் வருகிறேன்; என் கண்ணையும் அவர் பார்க்கட்டும். உன் அப்பாவிடம், நாம் போகும் அன்று காலை பஸ்ஸில் ஏறும் முன் நானே சொல்வேன். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று அவர்கள் மறுபடி கேட்கும்போது, ஆம் என்று சொல். யாருக்கு என்று கேட்டால், அம்மாவுக்கு என்று சொல். 'இடது கண், நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே' என்று சொல். நீ பிறந்த அன்று தாதி உன்னை என் இடப்பக்கம் கிடத்தியபோது வெள்ளையாக ஏதோ அசைவது மட்டுமே எனக்குத் தெரிந்தது. வலப்பக்கம் மாற்றிக் கிடத்தச் சொல்லித்தான் உன் முகத்தைப் பார்த்தேன்.